ஸ்டீவ் ப்ளூமர்: 352 லீக் கோல், வாரம் நாலு பவுண்டு

#1 பழையபந்து

கிளப் மாறும் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் தொகை பற்றிய இழையில் ஒருவர், "அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பணத்துக்காகவா ஆடினார்கள், ஆசைக்கு ஆடினார்கள்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் போட்டால் இழை திசைமாறிவிடும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

பணத்துக்காகத்தான் ஆடினார்கள். பணம்தான் அவர்களுக்காக ஆடவில்லை.

நான் எடுத்துக்கொள்ளும் ஆள் இங்கிலாந்து கால்பந்து ஆட்டக்காரர் ஸ்டீவ் ப்ளூமர். 1874 ஜனவரி 20-ல் வூஸ்டர்ஷயரின் க்ராட்லியில் பிறந்தவர். சங்கிலியும் ஆணியும் அடித்தே பிழைத்த வட்டாரம் அது. அப்பாவுக்கும் இரும்பு வேலைதான். பையனுக்கு ஐந்து வயது இருக்கும்போது பிழைப்புக்காகக் குடும்பம் டெர்பிக்கு வந்தது. பள்ளியை விட்டதும் அவரும் கொல்லருக்குச் சம்மட்டி அடிக்கப் போனார். பட்டறையில் சம்மட்டி போடுகிறவனுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? ஸ்ட்ரைக்கர்! கால்பந்தில் கோல் அடிக்கிறவனுக்கும் அதே பெயர்தான்.

1885 ஜூலை 20-ல்தான் காசு வாங்கி ஆடுவதை இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் சட்டபூர்வமாக்கியது. அதற்கு முன்பும் லங்காஷயர் கிளப்கள் ஸ்காட்லாந்திலிருந்து ஆள் கூட்டிவந்து, பெயருக்கு மில்லில் ஒரு வேலை போட்டு, மேஜைக்கு அடியில் காசு கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. அந்தத் தீர்மானம் வந்தபோது ப்ளூமருக்குப் பதினொரு வயது. 'பந்து உதைப்பதும் ஒரு தொழில்' என்று தெரிந்தே வளர்ந்த முதல் தலைமுறை அவருடையது. 1888-ல் லீக் தொடங்கியது. 1892-ல் டெர்பி கவுன்ட்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. வாரக்கூலி ஏழரை ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கில் அரைப் பவுண்டுகூட இல்லை.

அந்த ஏழரை ஷில்லிங்குக்கு அவர் என்ன கொடுத்தார்? டெர்பிக்காக 525 ஆட்டம், 332 கோல். அந்தக் கோல் கணக்கை இன்று வரை அந்தக் கிளப்பில் யாரும் தொடவில்லை. நடுவில் நாலு வருடம் ஆடிய மிடில்ஸ்பரோவையும் சேர்த்தால் லீக் கோல் மட்டும் 352. இங்கிலாந்துக்காக 23 ஆட்டத்தில் 28 கோல். முதல் பத்து ஆட்டத்திலும் கோல் இல்லாமல் மைதானத்தை விட்டு வரவில்லை.

தெரிந்தவர்கள் சேர்த்து எழுதுங்கள். திட்டுபவர்களும் வரலாம்.

#2 ரிசர்வ்பெஞ்ச்

திட்ட வந்துட்டேன் அண்ணே :)

23 ஆட்டத்துல 28 கோல், சரி. யாருக்கு எதிரா? ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து. இந்த மூணு பேரைத் தவிர நாலாவதா ஒரு டீமைப் பார்த்திருக்காரா மனுஷன்? 1896-ல கார்டிஃப்ல வேல்ஸை 9-1-னு சாத்தினாங்களே, அதுல மட்டும் அஞ்சு கோல். அவரோட முதல் சர்வதேச ஆட்டம் அயர்லாந்தோட, 1895-ல, டெர்பியிலேயே. 9-0. இதெல்லாம் இன்னைக்குக் கணக்குல சேருமா? எதிர்ல நின்ன தடுப்பாட்டக்காரன்ல பாதிப் பேர் திங்கக்கிழமை காலையில வேலைக்குப் போறவன்.

#3 பழையபந்து

@ரிசர்வ்பெஞ்ச் தம்பி, அந்த மூன்று பேரைத் தவிர நாலாவது அணியோடு இங்கிலாந்து அன்று ஆடவே இல்லை. ஐரோப்பியக் கண்டத்துக்குப் போய் முதல் ஆட்டம் ஆடியது 1908-ல். ப்ளூமரின் கடைசி சர்வதேச ஆட்டம் 1907. இல்லாத எதிரிக்கு கோல் அடிக்கவில்லை என்று குறை சொன்னால் எப்படி?

ஸ்காட்லாந்தை வேல்ஸோடு ஒரே தட்டில் வைக்கிறாயே, அதுவும் சரியில்லை. பாஸ் கொடுத்து ஆடுவதையே இங்கிலாந்துக்குக் கற்றுக்கொடுத்தது ஸ்காட்லாந்து. அன்றைக்கு அவர்களை வெல்வதுதான் உலகக் கோப்பை. அவர்களுக்கு எதிராக மட்டும் ப்ளூமருக்கு 8 கோல் இருக்கிறது.

#4 கோட்டுக்கோடு

விதிகளைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன், பேசவில்லை. நானே சொல்கிறேன்.

அன்றைய ஆஃப்சைடு விதியில், பந்து வரும்போது முன்னால் நிற்கும் ஆளுக்கும் எதிரணி கோல் கோட்டுக்கும் நடுவே மூன்று எதிரணியினர் இருக்க வேண்டும், இன்று போல இரண்டு பேர் போதாது. 1925-ல்தான் இரண்டாகக் குறைத்தார்கள். அதன் விளைவைப் பாருங்கள்: 1924-25-ல் லீக்கின் மேல்தட்டான முதல் டிவிஷனில் விழுந்த மொத்த கோல் 1192. விதி மாறிய அடுத்த சீசனில் 1703. ஆட்டங்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஒரே ஒரு ஆளைக் குறைத்ததற்கே ஐந்நூறு கோல் கூடியது. ப்ளூமர் தன் வாழ்நாள் கோல் முழுவதையும் அடித்தது அந்தக் கடினமான பக்கத்தில் நின்று.

இன்னொன்று, 1907 வரை உங்கள் சொந்தப் பாதி மைதானத்தில் நின்றாலும் ஆஃப்சைடு பிடிக்கலாம். 1912 வரை கோல்கீப்பர் தன் பாதி முழுக்கக் கையால் பந்தைத் தொடலாம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கோல்கீப்பரை தோளால் மோதி வலைக்குள் தள்ளுவது அன்று விதிப்படி சரி. பின்வரிசையில் இருவர்தான், முன்வரிசையில் ஐந்து பேர். ஆகையால் ரிசர்வ்பெஞ்ச் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு.

#5 ரிசர்வ்பெஞ்ச்

"கொஞ்சம் நியாயம் உண்டு" வரைக்கும்தான் படிச்சேன், நன்றி.

#6 உலைக்கனல்

நான் ஃபவுண்டரியில் இருபது வருடம் வேலை பார்த்தவன். கால்பந்து எனக்கு இரண்டாம்பட்சம். ஆனால் இந்த ஆள் கதையில் என் தூக்கத்தைக் கெடுத்தது கூலி விஷயம்தான்.

1901-ல் லீக் ஆட்டக்காரர்களுக்குக் கால்பந்துச் சங்கம் ஒரு உச்சவரம்பு கொண்டுவந்தது. யாராக இருந்தாலும் வாரம் நாலு பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஜெயித்ததற்கு போனஸும் கூடாது. பட்டறைக்காரன் கூலியோடு பார்த்தால் நாலு பவுண்டு மோசமில்லை, நல்ல கைத்தொழில்காரனுக்கு இரண்டு பவுண்டு வந்தாலே அன்று பெரிது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நாட்டிலேயே அதிக கோல் அடிப்பவனுக்கும் நாலு, அவனுக்கு பந்து கொடுக்கத் தெரியாதவனுக்கும் நாலு. வாசலில் டிக்கெட் வாங்கி வருகிற கூட்டம் யாரைப் பார்க்க வருகிறது?

அதைவிடக் கொடுமை தக்கவைப்பு முறை. சீசன் முடிவில் கிளப் ஒரு பட்டியல் கொடுக்கும். அதில் உன் பெயர் இருந்தால் லீக்கில் வேறு எந்த கிளப்புக்கும் நீ போக முடியாது. ஒப்பந்தம் முடிந்திருந்தாலும் சரி, அவர்கள் உனக்குச் சம்பளம் தராவிட்டாலும் சரி. என் பட்டறையில் முதலாளியோடு ஒத்துவராவிட்டால் கணக்கு முடித்துக்கொண்டு பக்கத்துப் பட்டறையில் ஏறிவிடுவேன். ப்ளூமரால் அது முடியாது. சம்மட்டி போட்டபோது இருந்த சுதந்திரம் கோல் போட்டபோது இல்லை.

#7 பழையபந்து

@உலைக்கனல் ஐயா, கடைசி வரியைத்தான் முதல் பதிவிலேயே எழுத முயன்றேன், வரவில்லை.

1906 மார்ச்சில் என்ன நடந்தது என்று சேர்த்துக்கொள்கிறேன். டெர்பிக்குப் பணமுடை. பதினான்கு வருடம் ஆடிய ஆளை 750 பவுண்டுக்கு மிடில்ஸ்பரோவுக்கு விற்றார்கள். ஊரே அதிர்ந்தது. முந்தைய வருடம்தான் இதே மிடில்ஸ்பரோ ஆல்ஃப் காமன் என்பவருக்கு ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கி நாட்டையே வாய்பிளக்க வைத்திருந்தது. ஆக காமனும் ப்ளூமரும் ஒரே அணியில்.

அந்த 750-ல் ப்ளூமருக்கு என்ன? பெரும்பாலும் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட பத்து பவுண்டு வரை தரலாம் என்பது விதி. மீதி கிளப்புக்குக் கிளப் கைமாறிய காசு. மாடு விற்ற பணம் மாட்டுக்கா போகும்?

கெட்டதிலும் ஒரு சிறு திருப்தி: அவரை விற்ற அடுத்த சீசனிலேயே, 1907-ல், டெர்பி வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

#8 கோட்டுக்கோடு

நாலு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்பதால்தான் அவர் பெயரில் பூட்ஸ் விளம்பரம் வந்தது. கோல் அடிக்க ராசியான பூட்ஸ் என்று ப்ளூமர் பெயரைப் போட்டு விற்றார்கள். இன்றைய பூட்ஸ் ஒப்பந்தங்களுக்கெல்லாம் அவர்தான் தாத்தா என்று சொல்லலாம்.

#9 மழைநாள்மாட்ச்

ஒரு சந்தேகம். ஆள் பார்க்க எப்படி இருப்பார்? ஆறடி உயரம், கதவு மாதிரி தோள் என்று கற்பனை செய்துவைத்திருக்கிறேன்.

#10 பழையபந்து

@மழைநாள்மாட்ச் நேர்மாறு, அம்மா. ஒல்லி, வெளிறிய முகம். அந்த வெளிறிய முகத்தை வைத்தே பட்டப்பெயர் உண்டு. சம்மட்டி போட்டவர் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இடம் உள்வலது, அதாவது முன்வரிசையில் நடு ஆளுக்கு வலப்பக்கம். பந்தை நிறுத்தி, பார்த்து, காலைப் பின்னால் இழுத்து உதைப்பது கிடையாது. வந்த வேகத்தில், தரையோடு தரையாக, எந்தக் காலில் வந்ததோ அந்தக் காலால். கோல்கீப்பர் குனிவதற்குள் பந்து வலையில் இருக்கும்.

இந்த வித்தையைத் தேய்த்து மெருகேற்றியவர் ஜான் குடால். ப்ரெஸ்டன் 1888-89-ல் ஒரு தோல்விகூட இல்லாமல் முதல் லீக்கை வென்றதே, அந்த அணியின் ஆள். டெர்பிக்கு வந்து தலைவரானார். பட்டறையிலிருந்து வந்த பையனைப் பக்கத்தில் வைத்து வளர்த்தார். எங்கே நிற்க வேண்டும், பந்து எங்கே வரும் என்று குடால் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருந்தால் இந்த இழைக்கே வேலை இல்லை.

1899 ஜனவரி 21, ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணியோடு ஆட்டம். முந்தைய நாள்தான் 25 வயது முடிந்திருந்தது. டெர்பி 9-0. அதில் ஆறு ப்ளூமருடையது.

#11 டெர்வென்ட்கரை

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணம், இருக்கிறது இஞ்ச டெர்பியிலதான், பதினெட்டு வருசமாச்சு. இந்த இழையைப் பார்த்ததும் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டா நான் இந்த மனுசன்ர முகத்தை மாதத்தில ரெண்டு தரமாவது பாக்கிறன்.

ப்ரைடு பார்க் மைதானத்தில, சொந்த அணி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில, 2009-ல அவற்ற மார்பளவுச் சிலை வச்சவை. ஆட்டம் தொடங்க முந்தி ஒரு பாட்டுப் போடுவினம், ஸ்டீவ் ப்ளூமர் பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டு. முதல் தரம் போனபோது, ஆராவது அப்ப இருந்த கோச்சாக்கும் எண்டு நினைச்சன். பிறகுதான் பக்கத்திலை இருந்த கிழவர் சொன்னார், அவர் செத்தது 1938-ல எண்டு.

இன்னொண்டு. பழைய மைதானத்துக்குப் பெயர் பேஸ்பால் கிரவுண்ட். உதைபந்தாட்ட மைதானத்துக்கு ஏன் பேஸ்பால் எண்டு ஆராவது கேட்டியளோ?

#12 ரிசர்வ்பெஞ்ச்

இதோ கேட்டாச்சு. ஏன்?

#13 டெர்வென்ட்கரை

லே எண்டொரு ஃபவுண்டரி முதலாளி, பிரான்சிஸ் லே. அமெரிக்காவுக்குப் போய் பேஸ்பால் பார்த்து மயங்கிப்போய், திரும்பி வந்து தன்ர தொழிலாளருக்கெண்டு மைதானம் அடிச்சவர். பேஸ்பால் இஞ்ச எடுபடேல்லை. 1895-ல டெர்பி கவுன்ட்டி அந்த மைதானத்துக்கு வந்திட்டுது. 1997 வரைக்கும் அங்கதான் ஆடினவை.

ஆனா எங்கட ஆளுக்குப் பேஸ்பாலும் வரும்! டெர்பி பேஸ்பால் அணியில இரண்டாம் பேஸ்ல நிண்டு ஆடினவர். தேசியப் பட்டத்தையும் டெர்பி அந்தப் பத்தாண்டில வெண்டது.

சாபக் கதையும் சொல்லவேணும். அந்த நிலத்தில கூடாரம் போட்டிருந்த நாடோடிகளைக் கலைச்சதால, எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கிளப்புகளின்ர நாக்-அவுட் கோப்பை) உங்களுக்குக் கிடைக்கவே கூடாதெண்டு அவை சபிச்சிட்டுப் போனவையாம்.

#14 கோட்டுக்கோடு

சாபத்தை நம்புகிறவனில்லை, ஆனால் பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் உதறத்தான் செய்கிறது.

1898 இறுதி ஆட்டம், எதிரணி பக்கத்து ஊர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். அதே வாரம் லீக் ஆட்டத்தில் அவர்களை 5-0 என்று உதைத்திருந்தார்கள். ஃபாரஸ்ட் முக்கிய ஆட்டக்காரர்கள் பலரை வெளியே உட்காரவைத்து ஆடியது அது, ஆனாலும் ஐந்து. இறுதி ஆட்டத்தில் ப்ளூமர் தலையால் முட்டிச் சமன் செய்தார். முடிவு 3-1, கோப்பை ஃபாரஸ்டுக்கு.
1899: ஷெஃபீல்டு யுனைடெட். இடைவேளையில் டெர்பி முன்னிலை. முடிவு 4-1, தோல்வி.
1903: பரி அணியோடு 6-0. ப்ளூமர் காயத்தால் ஆடவில்லை. இறுதி ஆட்டத்தில் அவ்வளவு பெரிய தோல்வி நூறு வருடத்துக்கும் மேல் தனியாக நின்றது, 2019-ல் வாட்ஃபோர்டு வந்து சேர்ந்துகொள்ளும் வரை.

கடைசியில் டெர்பி கோப்பையை எடுத்தது 1946-ல். ப்ளூமர் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது.

#15 மழைநாள்மாட்ச்

கோப்பையும் இல்லை, லீக் பட்டமும் இல்லை. ஒன்றுமே ஜெயிக்காமலா இவ்வளவு பெயர்?

#16 பழையபந்து

ஒன்று ஜெயித்தார். எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான்.

1910-ல் மிடில்ஸ்பரோவிலிருந்து டெர்பிக்கே திரும்பினார். வயது 36. விற்றவர்களிடமே திரும்பி வந்து, தலைவராக நின்று, 1911-12-ல் இரண்டாம் டிவிஷன் பட்டத்தை வாங்கிக்கொடுத்து, இறங்கிய அணியை மேலே ஏற்றினார். விற்றதனால் இறங்கியது, திரும்ப வந்ததனால் ஏறியது. கதையாக எழுதியிருந்தால் 'ரொம்ப செயற்கை' என்று சொல்லியிருப்போம். கடைசி ஆட்டம் 1914 ஜனவரியில், நாற்பது முடிந்த கையோடு.

அடுத்து நடந்ததை எழுதினாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பயிற்சியாளர் வேலை கிடைத்து பெர்லினில் பிரிட்டானியா கிளப்புக்குப் போனார். எப்போது? 1914 ஜூலையில். ஆகஸ்ட் 4-ல் பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் எதிரி நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டார். நவம்பரில் பிடித்து ரூலேபென் முகாமில் போட்டார்கள்.

ரூலேபென் பெர்லின் ஓரத்தில் இருந்த குதிரைப் பந்தய மைதானம். கைதிகள் இருந்தது லாயத்தில். ஒரு குதிரை நின்ற கொட்டடிக்குள் ஆறு பேர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள்: மாலுமி, பேராசிரியர், குதிரைப் பயிற்சியாளர், இசைக்காரர் எல்லாரும் கலந்து. ஜெர்மனியில் பயிற்சியாளர் வேலை பார்த்த கால்பந்துக்காரர்கள் ஒரு கூட்டமே உள்ளே இருந்தது. ஃபிரெட் பென்ட்லண்ட், சாம் வோல்ஸ்டன்ஹோம், ஜான் பிரியர்லி, ஜான் கேமரன். அத்தனை பேரையும் ஒரே இடத்தில் அடைத்தால் என்ன நடக்கும்? சங்கம் வைத்தார்கள். லீக் நடத்தினார்கள். 1915 வசந்தத்தில் அனுமதி கிடைத்ததும் பந்தய ஓடுபாதைக்கு நடுவே ஆட்டம். கைதிகளே ஆயிரக்கணக்கில் கூடிப் பார்த்தார்கள்.

@உலைக்கனல் ஐயாவுக்காக: அந்த ஜான் கேமரன் சாதாரண ஆளில்லை. 1901-ல் டாட்டனம் கிளப் எஃப்.ஏ. கோப்பையை வாங்கியபோது ஆட்டக்காரர், மேலாளர் இரண்டும் அவரே. அதற்கும் முன்பு, 1898-ல் ஆட்டக்காரர்கள் முதல்முதலாக ஒரு தொழிற்சங்கம் வைத்தபோது அதன் செயலாளர். சங்கம் நிலைக்கவில்லை. கூலி வரம்பை எதிர்க்க முயன்றவரும் அந்த வரம்புக்குள் காலம் தள்ளியவரும் கடைசியில் ஒரே லாயத்து மைதானத்தில்.

#17 உலைக்கனல்

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அந்த வரம்பு போனது எப்போது?

#18 கோட்டுக்கோடு

1961 ஜனவரி. அப்போது உச்சவரம்பு வாரம் இருபது பவுண்டாக இருந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டித்தான் வாங்கினார்கள். தக்கவைப்பு முறை நியாயமற்றது என்று நீதிமன்றம் சொன்னது 1963-ல், ஜார்ஜ் ஈஸ்ட்டம் என்ற ஆட்டக்காரரின் வழக்கில். ப்ளூமர் முதல் கையெழுத்துப் போட்டு எழுபத்தொரு வருடம் கழித்து.

#19 அணுக்கரு

கால்பந்து ஆசாமி இல்லை நான், இயற்பியல் ஆசிரியை. ரூலேபென் என்ற பெயரைப் பார்த்ததும் நுழைந்துவிட்டேன். நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக்கும் அதே முகாமில்தான் நாலு வருடம் கிடந்தார். அங்கேயே சோதனைக்கூடம் வைத்தார். கதிரியக்கப் பொருளுக்கு எங்கே போவது? அன்று ஜெர்மனியில் தோரியம் கலந்த பற்பசை விற்றது, அதை வாங்கிப் பயன்படுத்தினார். ஒரு பக்கம் ப்ளூமர் கோல் அடித்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் சாட்விக் பற்பசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! மன்னிக்கவும், தொடருங்கள்.

#20 ரிசர்வ்பெஞ்ச்

டீச்சர், அடிக்கடி வாங்க.

வெளியே எப்ப வந்தார்?

#21 பழையபந்து

போர் முடியும் முன்பே, 1918-ல், நெதர்லாந்துக்குப் போக விட்டார்கள். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, ஆம்ஸ்டர்டாமில் பிளாவ்-விட் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். போர் முடிந்துதான் வீடு திரும்பினார்.

பிறகு ஸ்பெயின். பிரெஞ்சு எல்லையோரம் இரூன் என்ற சின்ன ஊர், ரியால் உனியோன் என்ற அணி. 1923-ல் பயிற்சியாளராகப் போனார். 1924-ல் அரசர் கோப்பை அரையிறுதியில் பார்சிலோனாவை வென்று, இறுதி ஆட்டத்தில் ரியால் மாட்ரிட்டை 1-0 என்று தோற்கடித்தார்கள். இங்கிலாந்தில் இருபத்துச் சொச்சம் வருடம் ஓடியும் கைக்கு எட்டாத கோப்பை ஐம்பது வயதில், புரியாத மொழி பேசும் ஊரில் கிடைத்தது.

முகாம் தோழர் பென்ட்லண்ட்? அவரும் ஸ்பெயினுக்குப் போய், அத்லெட்டிக் பில்பாவோவில் தொப்பியும் சுருட்டுமாகப் பெரும் புள்ளி ஆனார். 1930, 1931 லீக் பட்டங்கள் அவர் காலத்தில் வந்தவை. லாயத்தில் ஆறு பேரோடு படுத்தவர்கள் ஸ்பெயினுக்குப் பந்து கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

#22 மழைநாள்மாட்ச்

இங்கிலாந்து அணியில் இவருடைய 28 கோல் சாதனை 1950கள் வரை நின்றதாம், எங்கோ படித்தேன்.

#23 கோட்டுக்கோடு

இல்லை. விவியன் வுட்வர்டு 1911-லேயே தாண்டிவிட்டார், 23 ஆட்டத்தில் 29. அவர் காசு வாங்காத ஆட்டக்காரர், கட்டடக் கலைஞர். இன்னொரு ஒப்பீடும் இருக்கிறது: 1890களில் இங்கிலாந்து முன்வரிசையில் ப்ளூமருக்குப் பக்கத்தில், நடுவில் ஆடியவர் ஜி.ஓ. ஸ்மித். சார்ட்டர்ஹவுஸ் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு. ப்ளூமரோ கொல்லன் பட்டறை. இருவரும் சேர்ந்து ஆடினால் எதிரணி சிதறியது என்பது மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம்.

மற்றபடி முதல் டிவிஷன் கோல் கணக்கில் ஜிம்மி கிரீவ்ஸ் (357) ஒருவர்தான் இன்றும் ப்ளூமருக்கு மேலே.

#24 உலைக்கனல்

கடைசிக் காலத்தில் கையில் ஏதாவது இருந்ததா?

#25 டெர்வென்ட்கரை

பெரிசா ஒண்டும் இல்லை ஐயா. திரும்பி வந்து பழைய மைதானத்திலேயே சின்னச் சின்ன வேலை செய்துகொண்டிருந்தவர். சுகமில்லாமல் போனதும், கிளப் அவரைக் கப்பலில ஏத்தி ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் அனுப்பி வச்சுது, காத்து மாறினா உடம்பு தேறும் எண்டு. போய்த் திரும்பி மூண்டு கிழமைதான். 1938 ஏப்ரல் 16-ல டெர்பியில காலமானார். நாட்டிங்ஹாம் ரோடு மயானத்தில கிடக்கிறார்.

#26 ரிசர்வ்பெஞ்ச்

வேல்ஸ் கோல் பத்தி சொன்னதை நான் வாபஸ் வாங்கல, அது அப்படியே இருக்கட்டும். ஆனா 36 வயசுல, தன்னை வித்த கிளப்புக்கே திரும்பி வந்து கேப்டனா ஏத்தி விட்டார்ல, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

@டெர்வென்ட்கரை அண்ணே, அடுத்த மாட்ச்சுக்குப் போனா அந்தச் சிலையை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.

#27 டெர்வென்ட்கரை

போடுறன் தம்பி. சனிக்கிழமை மட்டும் பொறு. இஞ்ச மழை.